முதல் போர்ட்டில் மெயின் லைன்

மூன்று வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு எதிரே இருக்கும் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கீழே, உதடு கோணிய பீங்கான் கப்புகளையும் ஒரு கண்ணுக்கு மட்டும் பெயின்ட் அடித்த பொம்மைகளையும் கழிவு விலைக்கு விற்கும் கடை. அதன் மாடியில் தகரக் கூரை போட்டு நாங்கள். எதிரே சூளைக்குள் பொம்மைகள் வெந்துகொண்டிருக்கும். இங்கே, சற்றுக் குறைந்த சூட்டில், நாங்கள் வெந்துகொண்டிருப்போம்.

வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. முதலாளியை எல்லோரும் பாய் என்போம். வாலிபத்தின் பெரும்பகுதியை துபாயில் கழித்துவிட்டு, சேர்த்ததையெல்லாம் கேபிளாக மாற்றி ஊர்க் கம்பங்களில் தொங்கவிட்ட மனிதர். அவருக்குக் கீழே மூன்று லைன்மேன்கள். அப்புறம் நான். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் நெட்வொர்க் எஞ்சினியராக இருந்து, ‘உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்ற ஈமெயிலோடு நாற்பத்தைந்து வயதில் வெளியே அனுப்பப்பட்டவன். வாழ்த்து அவர்களுடையது, எதிர்காலம் என்னுடையது என்பதால் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன். பாய் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு என் திறமை காரணம் என்று நான் நம்பினேன். வேறு யாரும் வரவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நெட்வொர்க் என்றால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஆங்காங்கே கம்பத்திலும் கடைச் சுவரிலும் பூட்டு போட்ட இரும்புக் கூண்டு. அதற்குள் சுவிட்ச் என்ற பெட்டி. பெட்டியின் முகத்தில் வரிசையாகத் துளைகள், அவற்றுக்கு போர்ட் என்று பெயர். ஒரு போர்ட்டில் ஆபீஸிலிருந்து வரும் மெயின் லைன். மற்றவற்றிலிருந்து வீடுகளுக்கு வயர்கள். வேப்பூர், கம்மாபுரம், மங்களூர் (கர்நாடகத்து மங்களூர் இல்லை, எங்கள் பக்கத்துக் கிராமம்) என்று நாலு பக்கமும் அப்படி நூற்றுச் சொச்சம் பெட்டிகள். எல்லாம் பெரிய பேங்குகள் கழித்துப் போட்டதை பாய் மூட்டையாக வாங்கி வந்தது. ஆகவே ஒரு பெட்டியின் ஜாதகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

எங்களுக்கு மொத்தமாக இணைப்பு கொடுக்கும் சென்னைக் கம்பெனி, அந்த ஞாயிறன்று ஒரு மாற்றம் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தது. எங்கள் பெட்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எண்ணை மாற்ற வேண்டும். பகல் முழுக்கப் பழைய எண்ணும் ஓடும், புது எண்ணும் ஓடும். சாயங்காலம் பழையதை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் மாறாத பெட்டி, வெறும் பெட்டி.

இதே போன்ற மாற்றம் அதற்கு முந்தைய வருடமும் வந்தது. நான் சேர்வதற்கு முன்பு. லைன்மேன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஒவ்வொரு கம்பமாகப் போனார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரம். கம்மாபுரத்தில் ஒரு அம்மா, சவூதியில் இருக்கும் மகன் முகத்தைப் பார்த்து நாலு நாளாச்சு என்று பஸ் ஏறி வந்து ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வாடிக்கையாளர்களில் நல்ல பங்கு பேர் அந்த வாரமே பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

“இன்னொரு தடவ இதேமாரி நின்னுச்சுன்னா இருக்கறவங்களும் போயிடுவாங்க சார்,” என்றார் பாய், சென்னையிலிருந்து செய்தி வந்த அன்று. “வந்த வெலைக்கு யாருக்காச்சும் தள்ளிட்டு நா துபாய்க்கே போயிட வேண்டியதுதான். ஒரு குடோன்ல சூப்பர்வைசர் வேல காலியா இருக்குதுன்னு மச்சான் போன் மேல போன் போடுறாரு.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று மதியம் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்த அவர் மனைவி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

“அண்ணே, அந்த கம்ப்யூட்டர் வேலைய எப்படியாச்சும் முடிச்சுக் குடுத்துடுங்க. எங்க சின்னவ அவரு மொகத்த போன்லயே பாத்து வளந்தவ. நேர்ல வந்து நின்னப்ப பயந்துகிட்டு அழுதா. இப்பதான் தோள்ல ஏறுறா. மறுபடியும் அவரு போகக் கூடாதுண்ணே.”

அதனால்தான் நான் தானியங்கி முறைக்குப் போனேன். நெட்கான்ஃப் என்று ஒன்று உண்டு. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் அதனிடம் ஒரே ஒழுங்கில் பேசி, உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் அமைப்பை மாற்ற உலகம் ஒப்புக்கொண்ட முறை. ஒரு புரோகிராம் எழுதினால் போதும், அது எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சொல்லும். இதைக் கேட்டதும் மூத்த லைன்மேன் சிரித்தார்.

“அப்ப நாங்க இன்னா சாரு, வூட்ல ஒக்காந்து முறுக்கு சுடறதா?”

பாய் சிரிக்கவில்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தப்பாப் போச்சுன்னா எப்படி சார் திரும்பி வர்றது?”

தப்பாகப் போகாது என்றேன். எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது.

“அப்படித்தான் சார் எங்கூட வந்தவன்லாம் சொன்னான். போற டிக்கெட்டு மட்டும் எடுத்துக்கினு வந்தான். நா எப்பவும் ரிட்டனும் சேத்துதான் எடுப்பேன். ரிட்டன் போட்டுட்டு அப்புறமா பண்ணுங்க.”

இருக்கிறது பாய் என்றேன், வேண்டாவெறுப்பாக. நெட்கான்ஃப் முறையில் அதற்கும் வழி உண்டு. ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாகப் போடலாம். குறித்த நேரத்துக்குள் நாம் மறுபடி வந்து ‘சரி, இதுவே இருக்கட்டும்’ என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கெடு பத்து நிமிடம் என்று வைத்தேன். அந்த வரிகளை எழுதும்போது, நீச்சல் தெரிந்தவனுக்கு டயர் மாட்டிவிட்டதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிறு காலை. டவுனுக்குள் இருப்பவை எல்லாம் நான் சேர்ந்த பிறகு நானே மாட்டியவை. அவற்றில் இரண்டில் முதலில் போட்டுப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் மாறின. பாய்க்கு முகம் மலர்ந்தது. இங்கே ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? மூன்றாவதாக ஊருக்கு வெளியே ஒரு பெட்டியில் போட்டுப் பார்த்திருப்பான். நான் நாற்காலியில் சாய்ந்து, “மொத்தமாப் போட்டுடலாம் பாய்” என்றேன். பியானோ வாசிப்பவரைப்போல கையை உயர்த்தி என்டர் தட்டினேன்.

திரையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புள்ளி. டவுன் முழுக்கப் பச்சை. பிறகு ஒரு சிவப்பு. அப்புறம் நாலு. அப்புறம் யாரோ குங்குமச் சிமிழைத் தட்டிவிட்டதுபோல கம்மாபுரம், வேப்பூர், மங்களூர் எல்லாம் சிவப்பு.

உடனே போன்கள். வேப்பூர் ரோட்டோர ஹோட்டல்காரர் முதலில்: “பாய், டிவி நின்னுபோச்சு. மேட்ச் பாத்துக்கினு இருந்தவனெல்லாம் இப்ப என்னையே பாக்குறான். என்னா சொல்லட்டும்?”

பாய் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். மூத்த லைன்மேன் ஹெல்மெட்டை எடுத்தார். அவர் அதைத் தலையில் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கையில் எடுப்பதற்காக வைத்திருந்தார்.

“சாரு, கம்ப்யூட்டரு கெடுத்தத கம்ப்யூட்டரு சரி பண்ணாது. வண்டிதான் பண்ணும். டேய், லேப்டாப்ப எடுறா.”

“யாரும் போகாதீங்க,” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “பத்து நிமிஷம். தானா திரும்பி வரும்.”

“தானா வர்றதுக்கு அது இன்னா கோவிச்சுக்கினு போன மாப்ளயா?”

அந்த நேரத்தில்தான் மூன்றாவது லைன்மேன் போன் செய்தான். கம்மாபுரம்தான் அவன் ஊர். அன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று லீவு போட்டிருந்தான். நெட்டு போனதும் பந்தியிலிருந்து எழுந்து, பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்துவிட்டான்.

“சாரு, கூண்டத் தொறந்துக்கினு நிக்கிறேன். மெயின் லைனு மொத போர்ட்டுலதான் கெடக்குது, லைட்டும் எரியிது. ஆனா ஒண்ணும் ஓடல. உருவி வேற போர்ட்டுல சொருவிப் பாக்கட்டா?”

“மொத போர்ட்டுலயா?”

“ஆமா சாரு. வேற எங்க இருக்கும்?”

நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும், வரைந்த எல்லாப் படங்களிலும், மெயின் லைன் கடைசி போர்ட்டில்தான் இருக்கும். டவுனில் நான் மாட்டிய பெட்டிகளிலும் அப்படித்தான். என் புரோகிராம், புது எண்ணைக் கொடுக்கும் கையோடு, ஒவ்வொரு பெட்டியிடமும் போய், ‘கடைசி போர்ட்தான் மெயின் லைன், மற்றதெல்லாம் வீடுகள்’ என்று சொல்லியிருந்தது. பெட்டிகளும் கீழ்ப்படிந்து, மெயின் லைனையே யாரோ ஒரு வீட்டு வயர் என்று நினைத்து, தங்கள் மூச்சைத் தாங்களே பிடித்துக்கொண்டன.

அதைவிட மோசமான ஒன்றும் அந்த நொடியில் புரிந்தது. அவன் இப்போது லைனை உருவிக் கடைசியில் சொருகினால் உடனே உயிர் வந்துவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் கெடு முடிந்ததும் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பி முதல் போர்ட்டில் லைனைத் தேடும். லைன் கடைசியில் இருக்கும். அப்புறம் அது நிஜமாகவே செத்ததுதான். மற்ற லைன்மேன்களும் ஊர் ஊராகப் போய் அதையே செய்தால், போன வருடத்து வாரம் மறுபடியும் வந்துவிடும்.

“கைய எடுப்பா! எதையும் தொடாத!” என்று கத்தினேன். கீழே கப்பு பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒன்றைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

“தொடலன்னா எப்படி சாரு வரும்?”

“தானா வரும்.”

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. “சாரு தானா வரும்ங்கிறாரு.” அதற்கு ஒரு காதுகுத்துக் கூட்டமே சிரித்ததும் கேட்டது.

வாசலை மறித்தபடி நின்றேன். மூத்த லைன்மேன் ஹெல்மெட்டோடு எனக்கு எதிரே. எனக்கு நம்பிக்கை இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில், அந்த வரிகளை எழுதும்போது எனக்கிருந்த கூச்சத்தில் ஏதாவது ஒரு எழுத்தை விட்டிருப்பேனோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ரிட்டன் போட்டிருக்கீங்கள்ல சார்?” என்றார் பாய், என்னைப் பார்க்காமல்.

“போட்டிருக்கேன் பாய்.”

அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் வழியாக எதிரே புகைபோக்கியைப் பார்த்தார். கூரை வெயிலில் படபடவென்று வெடித்தது. கவிழ்ந்து கிடந்த போன் மட்டும் மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. பாய் அதைப் பிடித்து மறுபடி நடுவில் வைத்தார்.

பிறகு திரையில் கம்மாபுரம் பச்சையானது.

“சாரு!” என்று போனில் அலறல். “ஓடுது சாரு! சத்தியமா நா தொடவேயில்ல!” பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ஒரு பொம்பளைக் குரல், “அதான் வந்துடுச்சே, வந்து பாயாசத்த குடிடா” என்றது. அதற்குள் வேப்பூர் வந்தது. மங்களூர் வந்தது. ஒரு கையும் படாமல், ஒரு வண்டியும் கிளம்பாமல், எல்லாப் பெட்டிகளும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி தம் தம் வீட்டுக்குத் திரும்பி வந்தன. மூத்த லைன்மேன் திரையின் அருகில் வந்து, ஒரு புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஏம்பா,” என்றேன் அவரிடம், “யாரு மெயின் லைன மொத போர்ட்டுல சொருவச் சொன்னது?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “புதுப் பெட்டி மாட்டுறோம். கல்பூரம் காட்டுறோம். மொத வயர மொத போர்ட்டுலதான சாரு சொருவணும்? கடசிலேர்ந்து எவனாச்சும் ஆரம்பிப்பானா? அப்புறம் லேப்டாப்புல ரெண்டு வரி தட்டி மொத போர்ட்டுதான் மெயினுன்னு சொல்லிடுவோம். நாங்க மாட்டுன எல்லாப் பெட்டியும் அப்படித்தான்.”

“எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“நீங்க யாரையும் கேக்கலியே.”

மனிதர்களை விடுங்கள், பெட்டிகளையாவது கேட்டிருக்கலாம். நெட்கான்ஃப் முறையில் முதல் பாடமே அதுதான். கட்டளை போடுவதற்கு முன் ‘உன் நிலைமை என்ன’ என்று பெட்டியிடம் கேட்கலாம். அது ஒன்றையும் மறைக்காமல் சொல்லும். பக்கம் பக்கமாகச் சொல்லும். நான் அந்தப் பாடத்தைத் தாண்டி, அதிகாரம் செய்யும் பாடத்துக்கு நேராக வந்திருந்தேன். படித்தவர்களுக்கு இது சகஜம்.

உட்கார்ந்து திருத்தினேன். பெரிய வேலை இல்லை. முதலில் பெட்டியிடம் ‘உன் மெயின் லைன் எந்த போர்ட்டில்?’ என்று கேள். அது சொல்லும் போர்ட்டை விட்டுவிட்டு மற்றதை மாற்று. மாற்றிய பிறகு அதனிடம் பேச முடிகிறதா என்று பார். முடிந்தால் மட்டும் உறுதி சொல். எழுதி முடித்துவிட்டு பாயைப் பார்த்தேன். இன்னொரு தடவை நின்றால் வேப்பூர் ஹோட்டல்காரரே அவரை விமானம் ஏற்றிவிடுவார்.

மூத்த லைன்மேன் மெதுவாகச் சொன்னார். “பாய், இப்ப கெளம்புனாகூட பாதியாச்சும் முடிச்சுடலாம்.”

பாய் திரையில் கம்மாபுரத்துப் புள்ளியைப் பார்த்தார். அவருக்கு கம்ப்யூட்டரும் தெரியாது, நெட்கான்ஃபும் தெரியாது. அவர் கண்ணால் பார்த்தது ஒன்றுதான், போனது திரும்பி வந்தது.

“பிஸ்மில்லா சொல்லிப் போடுங்க சார்,” என்றார்.

இந்த முறை பியானோ இல்லை. கம்மாபுரம் ஒன்றுக்கு மட்டும் போட்டேன். புரோகிராம் கேட்டது. பெட்டி, முதல் போர்ட் என்றது. மாறியது. புள்ளி பச்சையாகவே நின்றது. உறுதி சொன்னது. போனில் பாயாசம் உறிஞ்சும் சத்தத்தோடு, “ஓடுது சாரு.” அடுத்தது வேப்பூர். அது முதல் போர்ட். அடுத்தது டவுனை ஒட்டி ஒன்று. அது நடுவில் ஏதோ ஒரு போர்ட்! “எலி கடிச்சிடுச்சு சாரு, அவசரத்துக்கு அதுல மாத்துனோம்,” என்றார் மூத்தவர். எலியைப் பற்றியும் பெட்டிக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஐந்து ஐந்தாக, பத்துப் பத்தாக. ஒவ்வொரு வரிசை பச்சையாகும்போதும், ஆபீஸில் இருந்த இளைய லைன்மேன் நாற்காலியில் தட்டினான். கொஞ்ச நேரத்தில் பாயும் தட்டினார். முந்தைய வருடம் ஒரு வாரம் விழுங்கிய வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துகொண்டிருந்தது.

கடைசியில் மங்களூர்ப் பெட்டி ஒன்று மட்டும் மறுத்தது. ‘பூட்டியிருக்கிறது. வேறொருவர் உள்ளே இருக்கிறார்’ என்று பதில் வந்தது. ஒருவர் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கை வைக்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. யார் உள்ளே இருக்கிறார்கள்? எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். மூத்த லைன்மேன் மட்டும் தன் போனைப் பார்த்தார்.

“நீங்க என் போன்ல போட்டுக் குடுத்த வழியில உள்ள பூந்து, நீங்க முடிக்கிறதுக்குள்ள ஒண்ணாச்சும் கையாலயே மாத்திக் காட்டலாம்னு...” என்று இழுத்தார். “வெளிய வந்துட்டேன் சாரு. இப்பப் போடுங்க.”

போட்டேன். கடைசிப் புள்ளியும் பச்சை. இளையவன் ‘ஓ’ என்று கத்தியதில் கீழ்க் கடைக்காரர் மேலே ஏறி வந்து, “கூரை உழுந்துடுச்சா?” என்று கேட்டார்.

சாயங்காலம் சென்னைக்காரர்கள் சொன்னபடி பழைய எண்ணை நிறுத்தினார்கள். நாங்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவில்லை. அடிக்கவேயில்லை. பாய்க்குச் சந்தேகம் வந்து, என் போனை வாங்கித் தன் எண்ணுக்குத் தானே போட்டுப் பார்த்தார். அது நன்றாகத்தான் அடித்தது. அதைக் கட் பண்ணிய கையோடு நிஜமாகவே ஒரு அழைப்பு வர, எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். அவர் மனைவி. பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னாங்க, நெட்டு எப்ப நிக்கும்?”

“ஏன், என்னா ஆச்சு?”

“இன்னிக்கி நின்னுடும், நின்னுடும்னு சொன்னீங்க. சின்னவ காத்தாலேர்ந்து பொம்மப் படம் பாத்துக்கினே இருக்கா. நின்னாதான் சாப்ட வருவா போல இருக்குது.”

பாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனிமே அது நிக்காது புள்ள. நா வந்துதான் அவளத் தூக்கணும்,” என்றார்.

அந்த மாதமே மச்சானிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். போனவர்களில் பல பேர் திரும்பி வந்தார்கள். வேப்பூர் ஹோட்டல்காரர் இரண்டாவது டிவிக்கும் இணைப்பு கேட்டார். மூத்த லைன்மேன் இப்போது புதுப் பெட்டிகள் மாட்டும்போது, “சாரு புரோகிராமு வந்து கேக்கும், அதுகிட்ட ஒழுங்கா சொல்லு” என்று அவற்றிடம் சொல்லிவிட்டு வருகிறாராம். கேலிதான். ஆனால் கேலிக்குள் ஒரு சம்மதமும் இருக்கிறது.

என் புத்தக அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடுத்தவர் இடத்தில் எந்த வழி திறந்திருக்கிறது என்பது அதில் எழுதியிருக்காது என்று எனக்கு உறைத்தது அன்றுதான். அதனால் இன்றும் யாரிடமாவது, பெட்டியோ மனிதரோ, எதையாவது உறுதியாகச் சொல்லிவிட வாய் திறக்கும்போதெல்லாம், முதலில் அவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். அப்படிக் கேட்பது என்னை இதுவரை ஒரு தடவைகூடச் சின்னவனாக்கியதில்லை, ஆனால் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.